காரணமில்லாமல் கட்டிய புடவை

டியூஷனுக்கு வரும் ஒரு சிறுமி என்னை வரைந்து காட்டினாள். மணி மாதிரி கீழே விரிந்த மெரூன் நிறம், தோளில் ஒரு வெள்ளைத் துண்டு, மேலே வட்டமாக ஒரு தலை. "இது டீச்சரோட யூனிஃபார்ம்" என்றாள் பெருமையாக.

அவள் சொன்னது பொய்யில்லை. கொச்சியின் கொச்சங்காடியில் எங்கள் சந்துப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் உடை. நைட்டி, வாசலைத் தாண்டினால் மேலே ஒரு துண்டு. பால் வாங்க, குப்பை கொடுக்க, சிலிண்டர் வந்தால் கையெழுத்துப் போட, எல்லாம் அதிலேயே. எனக்கு நாற்பத்தாறு வயது. காலையில் இரண்டு டிபன் பாக்ஸ், மாலையில் பதினோரு பிள்ளைகளுக்குப் பாடம். கண்ணாடியில் பார்ப்பதுகூடப் பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றுதான்.

மறுநாள் என் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய மயில்கழுத்து நிறப் பருத்திப் புடவை இரண்டு வருஷமாய் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஏதாவது விசேஷம் வரட்டும் என்று வைத்தது. விசேஷங்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் பட்டு வேண்டியிருந்தது. எடுத்துக் கட்டினேன். கொசுவம் வைக்க விரல்களுக்கு மறந்துபோயிருந்தது. ரவிக்கையின் கடைசிக் கொக்கி மாட்டவில்லை, விட்டுவிட்டேன். கண்ணுக்கு மை இட்டேன். இப்படியே படகுத்துறை வரை நடந்துவிட்டு வரவேண்டும், ஒரு வேலையும் இல்லாமல். அவ்வளவுதான் ஆசை.

வாசலில் மீன் வண்டிச் சேட்டன் நிமிர்ந்து பார்த்தார். "எங்கோட்டா சேச்சி? கல்யாணமோ?"

சிரித்து வைத்தேன். மூலைக் கடைக்காரர், "ஸ்கூல்ல மீட்டிங்கா?" என்றார். ஆமாமா இல்லையா என்று தெரியாதபடி தலையை ஆட்டினேன். மூன்றாவது வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, "ஐயோ, யாருக்குடி என்ன ஆச்சு?" என்றாள்.

அலுத்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குக்கா" என்றேன். ஆஸ்பத்திரி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்று நினைத்தது என் தப்பு.

"நில்லுடி, நானும் வரேன். ஒரு மாசமா முட்டு வேதனை. கூட்டுக்கு ஆளில்லாம இருந்தேன்."

ஐந்து நிமிஷத்தில் சுரிதார் மாற்றிக்கொண்டு, கையில் ஓ.பி. சீட்டோடு வந்து நின்றாள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை.

"அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகல."

"பின்னே?"

"எங்கேயும் இல்ல. சும்மா கட்டினேன்."

"சும்மாவா?" தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "அவர்கூட சண்டையா?"

"இல்லக்கா."

"பிராந்தா உனக்கு? பைத்தியமா?"

"இருக்கும்" என்றேன். குரல் உடைந்தது. ஒரு புடவைக்கு அழுவேன் என்று நான் நினைக்கவில்லை.

அக்கா சீட்டை மதில்மேல் வைத்தாள். வலிக்கும் முட்டியோடு குனிந்து, என் காலடியில் கொசுவத்தை இழுத்து நேராக்கினாள். "ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பார். இவ்வளவு நல்லா கட்டிட்டு எதுக்குடி ஆஸ்பத்திரின்னு சொன்ன? போ, போயிட்டு வா. என் முட்டு நாளைக்கும் இங்கதான் இருக்கும்."

பழைய யூதத் தெருவான ஜூ டவுன் வழியாக நடந்தேன். சுக்கு வாசனை, வெயில், கேமராவோடு வெள்ளைக்காரர்கள். வேர்வையில் மை கலங்கியிருக்கும். துறையில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஜன்னல் வழியே, "எர்ணாகுளத்துக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. சும்மா வந்தேன்."

இந்தமுறை குரல் உடையவில்லை. அவள் சரியென்று அடுத்த ஆளைப் பார்த்தாள்.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். சோர்வு போகவில்லை. இடுப்பு வலித்தது, கொக்கி மாட்டாத இடத்தில் ரவிக்கை உறுத்தியது. ஆனாலும் காயலின் காற்றில் முந்தானை படபடத்தபோது அதை நான் பிடித்து அடக்கவில்லை. யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. ஒரு படகு போய் இன்னொன்று வந்தது.

உலை வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். வீட்டுக்கு வந்தும் மாற்றவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி களைந்தேன்.