கழற்ற முடியாத தோலுறை

தங்கைக்கு எந்நேரமும் உள்ளங்கை வியர்க்கும். பரீட்சையில் விடைத்தாள் நனைந்து கிழிந்த நாளிலேயே 'ஊற்று' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அந்தக் கையோடுதான் அவள் பகலெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு, மாலையில் நகர வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதினாள். அவள் ஊதினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். கேட்காதவர்களிடமும் அக்கா இதைச் சொல்லிவிடுவாள்.

டிரம்பெட் குழுவுக்குச் சொந்தம். இடது கை பிடிக்கும் இடத்தில் வியர்வை பட்டுப் பட்டு மேல்பூச்சு உரிய ஆரம்பித்தது.

"இன்னும் உரிஞ்சா, வாங்கி வேற காய்ஞ்ச கைக்குக் குடுத்துடுவேன்மா," என்றார் குழு மாஸ்டர்.

அக்கா தோல் பை தைக்கிறவள். "இவ்வளவுதானே? அதுக்கு ஒரு சட்டை போட்டு விட்டா போச்சு," என்று மெல்லிய தோலை வெட்டி, பிடிக்கும் இடத்தைச் சுற்றி இழுத்து, நூல் கண்ணுக்கே தெரியாமல் தைத்து மூடினாள். குழுவில் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்களாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மழைக்காலம் முடிந்து வாத்தியங்களைச் சரிபார்த்த நாளில், அந்தப் பாராட்டைக் காதாரக் கேட்க அவளும் போயிருந்தாள்.

"இதை எப்படிக் கழட்டறது?" என்றார் மாஸ்டர்.

"கழட்டவே முடியாது சார். அவ்வளவு கெட்டி."

"கழட்டாம உள்ளே எப்படிம்மா துடைப்பா?"

அக்கா கத்தரியை வாங்கித் தானே அறுத்தாள். தோல் ஈரமாக வந்தது. உள்ளே பூச்சு மருந்துக்கும் இல்லை. பித்தளை பச்சை பூத்திருந்தது.

"தப்பு என் தையல்மேலதான் சார். அவகிட்டேர்ந்து இதை வாங்கிடாதீங்க."

"ஓரத்துல பச்சை தெரிஞ்சப்பவே நான் பார்த்தேன் சார்," என்றாள் தங்கை. "அக்கா பார்த்துப் பார்த்துத் தைச்சது. அறுக்க மனசு வரல."

"ஏண்டி, என் தையல் பெருசா, உன் வாத்தியம் பெருசா?"

மாஸ்டர் ஊதிப் பார்த்தார். "சத்தம் கெடல. ஆனா இந்த மூஞ்சியோட இதை எவன்கிட்ட நீட்டினாலும் வாங்க மாட்டான். நீயே வெச்சுக்கோ. கழட்டற மாதிரி ஒண்ணு தைக்கச் சொல்லு."

புது உறைக்கு அக்கா பிரஸ் பட்டன் வைத்தாள். விளிம்பு வெளியே துருத்தியது. அவள் கண்ணுக்கு அது அழகே இல்லை. பயிற்சி முடிந்து வந்த தங்கை அதைப் பட்டென்று பிரித்துக் கொடியில் உலரப் போட்டுவிட்டு, டிரம்பெட்டைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

"அடியிலயும் துடை," என்றாள் அக்கா.