விளக்கடியில் பச்சைச் சிறகுகள்

விடியற்காலையில் அந்தச் சிறகுகளைப் பொறுக்கினால் விரல்நுனியில் மாவு போல ஏதோ ஒட்டிக்கொள்ளும். பள்ளிச் சட்டையில் துடைத்தாலும் லேசில் போகாது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளின் கோடியில் ஒரு மஞ்சள் விளக்குக் கம்பம் இருந்தது. மழை ஓய்ந்த இரவுகளில் அதை மொய்க்கும் அந்துப்பூச்சிகளில், நீண்ட வாலுடைய வெளிர்பச்சைப் பூச்சியை நாங்கள் "வால்பூச்சி" என்போம். தின்ன வாயில்லை, சத்தமும் இல்லை, ஆயுளும் சில நாள்தான். பொழுது புலர்ந்ததும், கன்னத்தில் வெள்ளி பூசினாற்போன்ற "வெள்ளிக்காது"க் குருவிகள் கூட்டமாக இறங்கி சிறகுகளை மட்டும் மிச்சம் வைத்து அவற்றைக் கொத்தித் தின்றுவிட்டுப் பாடும்.

குருவி பாடினால் கொழுந்தெடுக்கக் கிளம்பிய அம்மாகூட நின்று கேட்பார். என் தங்கை மாலா அதைப் போலவே சீட்டியடிப்பாள். "குருவிக்கே சொல்லிக் குடுக்குறா பாருலா என் மக!" என்று அப்பா லோரியில் ஏறிக்கொண்டே சிரிப்பார். அந்த நேரத்தில் நான் குனிந்து, உயிர் மிச்சமிருக்கும் பூச்சி ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருப்பேன். "இவ ஒருத்தி, காலங்காத்தால குப்பை பொறுக்கிக்கிட்டு" என்பார் அம்மா. என் பொறாமை குருவியின் மீதா, தங்கையின் மீதா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது மலையிலேயே தானா ராத்தா டவுனில் இருக்கிறேன். மூன்று வயதாகும் என் மகள் இன்னும் "அம்மா" என்று கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்; பொறுப்பது சரியா, நான்தான் எதையோ செய்யத் தவறினேனா என்று தினமும் குழம்புகிறேன். மாலாவின் மகனுக்கும் அதே வயதுதான். அவன் பாடவே செய்கிறான்.

போன தீபாவளிக்குத் தோட்டத்து வீட்டில் கூடியிருந்தோம். கம்பத்தில் இப்போது வெள்ளை விளக்கு. அடியில் ஒரு சிறகுகூட இல்லை. நான் கடைசியாக வால்பூச்சியைப் பார்த்தது, சுற்றுப்பயணிகளுக்கான கடையொன்றில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊசி குத்திய நிலையில். குருவிகளையும் வலைபோட்டுப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்றுவிட்டார்கள்.

"குருவி சத்தம் இல்லாம காலையில வீடே என்னமோ மாதிரி இருக்குலா" என்றார் அம்மா. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

"வால்பூச்சியும்தான் காணோம்" என்றேன்.

"எந்தப் பூச்சி, அக்கா?" என்றாள் மாலா.

இல்லாமல் போன பிறகும் அந்தக் குருவியைப் பற்றித்தான் பேச்சு. அதற்குள் மாலாவின் மகன் பாட ஆரம்பித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடச் சத்தமாகவே. அவன் முடித்ததும் பக்கத்தில் கையை நீட்டினேன். மகள் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை வேறு எப்படித்தான் தேடுவது? வாசலுக்கு அப்பால் லோரிகள் இறங்கும் சரிவு. மாலா அங்கே ஓடினாள். நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். கொடியில் தொங்கிய இரண்டு ஈரக் கம்பளிகளுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"எப்பம்மா வெளிய போச்சு புள்ள?" என்று கேட்டார் அம்மா.

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்.