எங்க வீட்டுல சொல்லக் கூடாத வார்த்தை

எங்க வீட்டுல 'போடு'ங்கற வார்த்தையை யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சட்டையை மாட்டு, சோத்தை வை, சண்டை புடிக்காதே, இப்படித்தான் பேசணும். என் வீட்டுக்காரர் குட்டித் தூக்கம்கூடப் 'போட' மாட்டாரு, 'கண்ணசர'த்தான் செய்வாரு. தெருவுல அவருக்குப் 'போடாதவர்'னே பேரு வந்துடுச்சு. கல்யாணமான புதுசுல நானும் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன்.

அப்புறம் அவரு இடது கையைக் காட்டினாரு. அடுப்புக்கு மேல இருந்து புகையை இழுத்து வெளிய தள்ளுற சிம்னி இருக்கே, அதை ரிப்பேர் பண்றதுதான் இவர் தொழில். வாலிபத்துல ஒரு ஹோட்டல் சிம்னிக்குள்ள கையை விட்டுக்கிட்டு, கூட வந்தவன்கிட்ட "இறக்கையைப் போட்டுட்டேன்"னு சொல்லியிருக்காரு. காத்தாடி இறக்கையை மாட்டியாச்சுன்னு அர்த்தம். அந்தப் புண்ணியவான் காதுல "போட்டுடு"ன்னு விழுந்திருக்கு, சுவிட்சைத் தட்டிட்டான். சுண்டு விரலும் மோதிர விரலும் அங்கேயே போச்சு.

அதுலேர்ந்து சுவிட்சுக்கு ஒரே வார்த்தைதான், "ஓட்டு". அவரு சொல்லணும், நான் "ஓட்டுறேன்"னு திருப்பிச் சொல்லணும், அதுக்கப்புறம்தான் தட்டணும். எந்த வேலைக்குப் போனாலும் சுவிட்சுகிட்ட நான்தான் நிப்பேன். சம்பளமில்லாத காவக்காரி!

போன மழைக்காலத்துல அவரோட அக்கா வீட்டுச் சிம்னி நின்னுபோச்சு. அவங்களை நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன், வாய் கொஞ்சம் நீளம். "புதுசா வாங்கிடுங்க அண்ணி"ன்னேன். "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், நான் எதுக்குக் கடைக்கு அலையணும்?"னாங்க. சரின்னு புது மோட்டாரோட போனோம்.

அந்தச் சமையலறையைச் சுத்திப் பாத்தேன். சிம்னிக்கு பிளக் கிடையாது, ஒயர் நேரா சுவத்துக்குள்ள போகுது. சுவிட்சு வெளிய, நடையில. அங்க நின்னா அவரு முகம்கூடத் தெரியாது. உள்ள இருந்தது பழைய காலத்துத் தகர இறக்கை, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பிசுக்குக்கு அடியில கத்தி மாதிரி கூர்.

"மெயினை அணைச்சிடலாமே"ன்னேன்.

"மாடியில குடியிருக்கவங்களுக்கும் அதே மெயின்தான். அணைச்சா கூப்பாடு போடுவாங்க"ன்னு சொல்லிட்டு, அண்ணி வாயைப் பொத்திக்கிட்டாங்க. "ஐயோ, சொல்லிட்டேனே! தம்பி, உன் விரதம் கலைஞ்சிடுச்சா?"

இவரு சிரிச்சாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவரு சாப்பாடே அந்த மிச்சக் கையிலதான் இருக்கு, இதுல என்ன கேலி வேண்டிக்கிடக்கு?

பழைய மோட்டார் எறங்கிடுச்சு, புதுசு ஏறிடுச்சு. அந்தப் பழைய இறக்கையைத் திரும்ப மாட்டறப்ப அவரு உள்ளேர்ந்து கூப்பிட்டாரு. "ஏம்மா, திருகு ஒண்ணு வழுக்கி உள்ள விழுந்துடுச்சு. நான் கையை எடுத்தா இறக்கை கீழ வந்துடும். பையில வேற திருகு இருக்கும், பாரு."

பை கூடத்துல இருந்துச்சு. நான் நகர யோசிச்சேன். அண்ணியோட வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்தாரு. தங்கமான மனுஷன், காதுதான் கொஞ்சம் மந்தம்.

"நீ போம்மா, நான் நிக்கிறேன்."

"அண்ணா, அவரு 'ஓட்டு'ன்னு சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

"ஆகட்டும்மா, ஆகட்டும்."

அரை மனசோடதான் போனேன். வெளிய மழை வலுத்துக்கிட்டே வந்துச்சு. பையைக் கவுத்துக் கொட்டித் தேடறேன், அந்த நேரம் பாத்து உள்ரூம்லேர்ந்து அண்ணி கத்தினாங்க.

"ஏங்க! சாரல் அடிக்குது, ஜன்னலுக்குக் கொக்கியைப் போடுங்க!"

நான் முழுசாக் கேட்டேன். அண்ணன் காதுல மழைச் சத்தத்தைத் தாண்டி விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். கல்யாணமான நாள்லேர்ந்து பொண்டாட்டி எதைச் சொன்னாலும் அந்த மனுஷன் சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணு.

"இதோ!"

"அண்ணா!"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். நடைக்குப் போறதுக்குள்ள சுவிட்சுச் சத்தம் கேட்டுச்சு. சிம்னிக்குள்ள எதுலயோ தகரம் மோதற சத்தம், அப்புறம் என் வீட்டுக்காரரோட குரல். அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல.

வலது கையில கட்டைவிரலைத்தான் டாக்டரால காப்பாத்த முடிஞ்சுது. அண்ணன் ஆஸ்பத்திரி நடையில உக்காந்து, "அவ சொன்னாளேம்மா, போடுன்னு சொன்னாளே"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. அண்ணி பக்கத்துல நின்னு முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டணும்னு இருந்துச்சு. அந்த மனுஷன் முகத்தைப் பாத்ததும் பக்கத்துல போய் உக்காந்துட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு மத்தியானம், கட்டுக் கட்டின கையை மடியில வெச்சுக்கிட்டு தட்டு முன்னால உக்காந்தாரு.

"சோத்தைப் போடு"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிச்சு. "வைக்கிறேங்க"ன்னேன்.

"போடுறேன்னே சொல்லும்மா. இனிமே நான் எந்தச் சிம்னிக்குள்ள கையை விடப் போறேன்?"

என்னால வாயால சொல்ல முடியல. சோத்தைப் போட்டேன்.