மூன்று கழுத்துக்கு ஒரு சங்கிலி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் நாங்கள் மூன்று பெண்கள் வாடகைக்கு இருந்தோம். மூன்று பேருக்கும் கடன் இருந்தது. சங்கிலி ஒன்றுதான் இருந்தது. அது வன்னியிலிருந்து வந்தவளுடையது. சண்டைக்குள்ளிருந்து அவளை அனுப்பும்போது தாய் தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டுவிட்ட சங்கிலி. அவள் இரத்மலானையில் தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். மற்றவள் மலைநாட்டு ஹற்றன்காரி, புடவைக் கடையில் நின்றாள். நான் கொமினிகேஷன் கடையில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் லைன் எடுத்துக் கொடுத்தேன்.

வாடகைக்குக் காசு முடைப்பட்டால் சங்கிலி காலி வீதி அடைவு கடைக்கு அடகு போய்விடும். சம்பளம் வந்ததும் மீட்போம். பிறகு திரும்பவும் கொண்டுபோய் வைப்போம். எங்களைவிட அது வசதியாகத்தான் இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் படுத்துக் கிடந்ததை எந்தப் பொலிசும் எழுப்பி அடையாள அட்டை கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சங்கிலிக்காரிக்குக் கனடா மாப்பிள்ளை ஒன்று பேசி வந்தது. தரகர் படம் கேட்டார். வெறுங்கழுத்தோடு படம் அனுப்பினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வீட்டுக்கார அம்மாவிடம் வட்டிக்கு வாங்கி, சங்கிலியை ஒரு நாள் மட்டும் மீட்டோம். மீட்டதே மீட்டோம், நாங்கள் இருவரும் ஒவ்வொரு படம் எடுத்து வைத்தால் என்ன என்ற புத்தி எனக்குத்தான் வந்தது. விசர்ப் புத்தி. ஸ்ரூடியோவில் ஒருத்தி கழற்ற, அடுத்தவள் போட்டுக்கொண்டாள். படம் பிடித்தவர் சங்கிலியைப் பற்றி வாய் திறக்கவில்லை, பவுடர் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார். பொழுதுபடமுன் சங்கிலி திரும்பவும் கடைக்குப் போய்விட்டது.

படங்களைத் தரகரிடம் கொடுத்தோம். எங்கள் இருவருடையதையும் வேறு இடங்களில் காட்டுவார் என்று நினைத்தோம். அந்த மனிசன் மூன்றையும் ஒரே கவருக்குள் போட்டு, பிடித்ததை எடுக்கச் சொல்லி மாப்பிள்ளையின் தாயிடமே கொடுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அந்தத் தாய் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் அறைக்கே வந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. மூன்று படங்களையும் கட்டிலில் பரப்பிவிட்டு, பதக்கத்தில் விரலை வைத்தார். அதில் ஒரு கல் விழுந்த ஓட்டை இருந்தது. மூன்று படத்திலும் அதே ஓட்டை.

"இது ஆரின்ர சங்கிலி, பிள்ளையள்?"

சங்கிலிக்காரி தலை குனிந்தாள். ஹற்றன்காரி அழத் தயாரானாள். எனக்கு என்மேலேயே பொல்லாத கோபம் வந்தது. கடனிலிருந்து அவள் தப்பிப் போக வந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேனே. இனி என்னத்தை மறைக்கிறது?

"இவளின்ரதான் அன்ரி. இப்ப அடைவில கிடக்கு," என்று சங்கிலிக்காரியைக் காட்டினேன்.

எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். வட்டி எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். முகம் கறுத்து, சட்டென்று எழும்பி நின்றார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"என்ர நாலு காப்பும் அங்கதான் கிடக்கு. பெடியனைக் கனடாவுக்கு அனுப்ப அடைவு வைச்சது. என்னட்டை அவன் இதைவிடக் கூட வட்டி எல்லோ வாங்கிறான்."

ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார். கடைக்காரர் அன்று வாங்கிய பேச்சை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். வட்டி குறைந்தது. திரும்பும் வழியெல்லாம் அவர் சங்கிலிக்காரியின் கையைப் பிடித்தபடியே நடந்தார். பொருத்தம் பார்த்தது அவ்வளவுதான்.

அவள் கனடாவுக்குப் புறப்பட்ட நாளில், நானும் ஹற்றன்காரியும் சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கிச் சங்கிலியை மீட்டு அவளுக்குப் போட்டுவிட்டோம். விமான நிலையத்துக்குப் போக வாசலில் வான் நிற்க, அவள் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். நான் வேண்டாம் என்று அவளின் கையைத் தட்டிவிட்டும் அவள் விடவில்லை.

"அடைவு வைச்சாலும் பரவாயில்லை. வட்டி கட்டிறதை மட்டும் விடாதைங்கோ, அம்மான்ர சங்கிலி," என்றாள்.

வான் காலி வீதிக்குத் திரும்பி மறையும் மட்டும் நின்று இருவரும் அழுதோம். அட்வான்ஸ் எல்லாம் சங்கிலியை மீட்டதோடு போய்விட்டது, வாடகைக்கு ஒரு சதமும் கையில் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடைவு கடைக்கு நடந்தோம்.