மலைமேல் இருக்கும் எபிநேசரின் போர்டு

எபிநேசர் இறந்த செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை. மேசைமேல் கிடந்த ரேடியோ போர்டின் சின்னத் திரையில் வந்தது: "அவர் காலையில போய்ட்டாருங்க. மேரி." ஆர்.கே.பேட்டையிலிருந்து அவர் மனைவி அனுப்பியது. திருத்தணி மலைச்சரிவில் ஒரு வீட்டு மாடியில் எபிநேசர் பொருத்திய போர்டு வழியாகத்தான் அது வந்திருக்கிறது. வேறு வழி கிடையாது.

நம் தொண்டர் குழுவுக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் செல்போன் வேலைக்கு ஆகாது. காணாமல் போன பிள்ளை, மயங்கி விழுந்தவர் என்று சேதி சொல்ல, சிம் இல்லாமல் ரேடியோ அலையிலேயே எழுத்துச் சேதி அனுப்பும் இந்தச் சின்னப் போர்டுகளைத் தொண்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று சொல்வதைக் கேட்டு இன்னொன்று அடுத்ததற்குச் சொல்லும்.

முதல் வருஷம் நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? சேவை ஆர்வத்தில் ஆளாளுக்குத் தம் போர்டை, கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும்படி அமைத்துவிட்டோம். ஒரே சேதி சுற்றிச் சுற்றி வந்தது, புதியது எதுவும் நுழையவில்லை. படிக்கட்டில் அழுதுகொண்டிருந்த தாய்க்கு, பிள்ளை அடிவாரத்தில் பத்திரமாக இருப்பது வெகுநேரம் தெரியவில்லை. எபிநேசர் கத்தவில்லை. "எல்லாரும் சொல்லிகினே இருந்தா யாருங்க கேக்கறது? மலைமேல ஒண்ணு சொன்னா போதும். மத்தவங்க கம்முனு இருங்க" என்றார்.

பிறகு, மலைமேல் இருந்த போர்டின் பழைய மாடலுக்கு இனி மென்பொருள் வராது என்று அதை எழுதுகிறவர்கள் அறிவித்தார்கள். புதிது வாங்கிவிடலாம் என்றேன். உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் மச்சான் என்பதுபோல என்னை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார். "போர்டு சாவல பாவா. அவங்க பாக்கறத நிறுத்திட்டாங்க, அவ்ளோதான்." அதன்பின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் பழைய போர்டுக்கு ஏற்றபடி மாற்றி அவரே ஏற்றினார். அவர் வாத்தியார்; பரீட்சைத் தாள் திருத்தும் மேசையிலேயே அந்த வேலையும் நடக்கும். நன்றி சொன்னால் "ஆங்" என்பார், அத்தோடு சரி.

அவர் போனபின் இன்னொரு பதிப்பு வந்தது. மற்ற போர்டுகள் அதற்கு மாறிவிட்டன. அவை பேசுவது மலைமேல் இருந்ததற்குப் புரியவில்லை. கிருத்திகையோ நெருங்கிவிட்டது. அவர் முன்பு செய்துவைத்த மாற்றங்களைப் பார்த்துப் பார்த்து நானே மாற்றி, அந்தப் போர்டில் ஏற்றினேன். திரை இருண்டு நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. பழையதைத் திரும்ப ஏற்றி, தப்பைத் தேடி, மறுபடி செய்தேன். பிறகு அது வழியாக மேரி அக்காவுக்கு அனுப்பினேன்: "கேக்குதா?"

"ஆங், கேக்குதுங்க" என்று வந்தது.

அப்போதுதான் அழுதேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலை. பார்ப்பதை நான் நிறுத்தமாட்டேன்.