எஸ்தர் அக்காவின் அரிசிப் பை

ஞாயிறு, காலை 5.10. எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

ஆறு மணிக்குள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்தொரு கைகூப்பும் எமோஜி. நேற்று யாராவது அரிசி எடுக்கப் போனீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

தெரியாதவர்களுக்கு... எங்கள் தாராவி சபையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து கூடவே வந்த பழக்கம். சனிக்கிழமை அக்கா பையோடு வீடு வீடாகப் போய் வாங்குவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கஞ்சி. வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வீட்டுக்கே போகும்.

நான் செம்பூருக்குக் குடிபோன பிறகும் விடவில்லை. பதினோராவது மாடி. பெல்.

“அரிசி எடு மக்கா.”

“நான் சமைக்கிறதே இல்லக்கா. எல்லாம் ஆப்லதான்.”

“பின்ன என்னதாம்ல இருக்கு வீட்ல?”

“ஓட்ஸ்.”

“அதத் தா.”

அந்த வாரக் கஞ்சி பசையாகிவிட்டது. சபையில் இன்றுவரை என் பெயர் ஓட்ஸ்.

பொன்னி, ரேஷன், பாஸ்மதி எல்லாம் ஒரே பானையில் போட்டால் எப்படி ஒன்றாக வேகும், ஒரே ரகமாக வாங்கலாமே என்று ஒருமுறை சண்டை போட்டேன். என்ஜினியர் புத்தி.

“சரிடே, படிச்சவன் சொன்னா சரிதான். இப்ப பானையப் பிடி, சுடுது.”

ஒருநாள் வீடு மாறிப்போய் எதிர் ஃப்ளாட் பெல்லை அடித்துவிட்டார். அங்கே குல்கர்ணி காக்கா (மராத்தியில் சித்தப்பா), தனியாள். நான் இரண்டு வருடமாகப் பேர்கூடக் கேட்டதில்லை. ஏதோ கோயில் வசூல் என்று நினைத்து ஒரு கிண்ணம் அரிசி கொடுத்திருக்கிறார்.

மறுநாள் அக்கா தூக்குவாளியோடு அவர் வாசலில். இது சர்ச் கஞ்சி என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டார்.

“சலேகா,” என்றார் காக்கா. “நமக் கம் டால்னா.” பரவாயில்லையாம்... உப்பு மட்டும் குறைக்க வேண்டுமாம்.

அதிலிருந்து வாராவாரம் அரிசி இந்தப் பக்கம், உப்புக் குறைந்த கஞ்சி அந்தப் பக்கம்.

இன்று ஆறரைக்கு என் பெல் அடித்தது. காக்கா. கையில் கிண்ணம்.

“கல் தீதி நஹீ ஆயீ?” நேற்று அக்கா வரவில்லையே என்று கேட்டார்.

சொன்னேன். கிண்ணத்தை என் கையில் வைத்து, “லே ஜா,” கொண்டுபோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோத்திரம் அக்கா. போயிட்டு வாங்க.

இனி:

1. இந்தக் கிண்ணத்தோடு இப்போதே தாராவிக்கு. இன்று கஞ்சி உண்டு. குரூப்பில் இருப்பவர்கள் எமோஜியை விட்டுவிட்டு அரிசியோடு வாருங்கள்.

2. நாலு மணிக்கு அடக்க ஆராதனை.

3. அதற்கு முன்னால் காக்காவுக்குத் தூக்குவாளி. உப்புக் குறைவாக.

4. சனிக்கிழமை பை என் கையில். பெல் அடித்தால் கதவைத் திறங்கள். ஓட்ஸ் வாங்க மாட்டேன்.