பிந்தி விழுந்த கைத்தட்டு

பொய் சொல்கிறவன் நாம் நம்புகிறோமா என்று அடிக்கடி முகத்தைப் பார்ப்பான். மிலான் இதைச் சொல்லி முடிக்கும்வரை ஒருதரம்கூட நிமிரவில்லை. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், இது நடந்தது. போன வருஷம் நவம்பரில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில், பட்டப்பகலில் நடந்தது.

மிலான் நுவரெலியாவில் ஒரு டிஸ்கோ குழுவின் பாடகன். 'சில்வர் மிஸ்ட்' என்று பெயர். சீசன் நேரத்தில் ஹோட்டல்கள், மற்ற நாட்களில் கலியாண வீடுகள். அந்தக் கிறிஸ்மஸுக்கு சொந்தமாக ஒரு ஆல்பம் போட வேண்டும் என்று குழுவின் மூன்று பேரும் முடிவு செய்தார்கள். பாலன் பிறப்புப் பாட்டுகள்தான், ஆனால் கேட்டவுடன் கால் ஆடவேண்டும். கீபோர்டும் ஒலிப்பதிவும் சுஜீவன். மிலானோடு சேர்ந்து பாடுவது ஜொய்சி, டவுனில் ஒரு டீச்சரின் மகள்.

அறைக்குள் பதிவு செய்தால் சத்தம் செத்துக் கிடக்கிறது, கோயிலின் எதிரொலி வேண்டும் என்றான் சுஜீவன். ஃபாதரிடம் கேட்டு ஒரு தோட்டத்துக் கோயிலின் சாவியை வாங்கிவந்தான். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் மிலான் தொப்பியைத் தேடி எடுத்தான்.

அவன் பிறந்த தோட்டம் அது. அம்மா குவைத்துக்குப் போனவள் திரும்பவில்லை. லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசைவீட்டின் ஒற்றை அறையில், அவனை வளர்த்தது அம்மாவின் தங்கை அந்தோனியம்மா. ஆனால் குழுவில் சேர்ந்த அன்றே, அப்பாவுக்கு டவுனில் கடை இருந்தது என்று மிலான் சொல்லிவிட்டான். வாய்தவறி வந்த பொய். பிறகு அதைக் காப்பாற்றவே ஊருக்குப் போவதை நிறுத்தினான். ஃபோன் நம்பரை மாற்றியபோது சின்னம்மாவுக்குச் சொல்லவில்லை. இப்போது இந்தக் கோயில் வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேனில் ஏறினான்.

கோயிலில் யாருமில்லை. வெளியே மழையும் மூடுபனியும். ஒரு பாட்டைப் பாடி முடித்தார்கள். சுஜீவன் கம்ப்யூட்டரில் குனிந்திருந்தான், ஜொய்சி பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒருத்தி நின்றாள்.

கொழுந்து பறிக்கப் போகிற கோலம். தலையில் துண்டு, இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு. அந்தோனியம்மாவேதான். பல வருஷத்துக்கு முன் அவன் விட்டுவிட்டுப் போன அன்று எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். ஒரு முடிகூட நரைக்கவில்லை. அத்தனை மழையில் வந்தவளின் படங்கில் ஒரு சொட்டு ஈரமில்லை. அதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது அவன் பார்த்தது ஜொய்சியைத்தான். அவள் காதில் விழுந்துவிடுமோ...

"நம்ம மிலானா?" என்றாள்.

"உங்கள எனக்குத் தெரியாது. வேற யாரையோ நெனச்சிக்கிட்டு வந்திருக்கீங்க."

அவள் கொஞ்சநேரம் அவனையே பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. தப்பு செய்துவிட்ட ஆளைப்போல ஒதுங்கி நின்றாள்.

"மன்னிச்சிக்கங்க சேர்," என்றாள்.

அவன் மூக்கைச் சிந்திவிட்டவள். துரையைக் கூப்பிடுவதுபோல அவனைச் சேர் என்றாள்.

மிலான் தலையைத் திருப்பிக்கொண்டான். மறுபடி பார்த்தபோது வாசலில் பனிதான் இருந்தது.

பாட்டை இன்னும் சிலதரம் பாடிப் பதிந்தார்கள். அடுத்தது கைத்தட்டு. டிஸ்கோவுக்குக் கைத்தட்டு இல்லாமல் முடியாது. மூவரும் மைக்கைச் சுற்றி நின்று தாளத்துக்குத் தட்டினார்கள். போட்டுக் கேட்ட சுஜீவன் முகம் சுளித்தான். யாரோ பிந்தித் தட்டுகிறார்கள் என்றான். மறுபடி தட்டினார்கள். மறுபடியும்... டப். அதற்குப் பின்னால், தனியாக, இன்னொரு டப்.

எதிரொலியாக இருக்கும் என்று ஜொய்சியையும் நிறுத்திவிட்டு, தானும் விலகி, மிலானை மட்டும் தட்டச் சொன்னான் சுஜீவன்.

டப்... டப்.

மிலான் கையை இறக்கினான். அந்தத் தட்டு அவனுக்குத் தெரியும். கிறிஸ்மஸ் காலத்தில் லயம் லயமாகப் பாட்டுப் பாடிப் போகும்போது, எல்லோரும் தட்டி ஓய்ந்தபிறகு ஒருத்தி மட்டும் ஒன்று தட்டுவாள். சின்னம்மாவுக்குத் தாளம் பிடிபடாது. சனம் சிரிக்கும். சின்ன வயதிலேயே அவன் அதற்கு வெட்கப்பட்டிருக்கிறான்.

அந்தப் பொம்பளை இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் போல என்றான் மிலான்.

"எந்தப் பொம்பளை?" என்றாள் ஜொய்சி.

"வாசல்ல வந்தாங்களே."

"யாரும் வரலியே மிலான். நீங்கதான் வாசலப் பாத்து என்னமோ சொன்னீங்க. ஃபோன்ல பேசுறீங்கன்னு நெனச்சேன்."

யாரும் பார்க்கவில்லை. யாருக்காக மறைத்தானோ அவளுக்கே தெரியவில்லை.

சுஜீவன் ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினான்.

டப்.

...டப்.

பிறகு ஒரு மூச்சு.

காதுக்கு மிக அருகில்...

"மன்னிச்சிக்கங்க சேர்."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிலான் மழையில் இறங்கி ஓடினான். அவனுக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவனை லயத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. காலில் விழவேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

காம்பரா வாசலில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தது. கட்டிலில் ஒரு கிழவி, தலை முழுக்க வெள்ளை, சின்னப்பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய மருமகள் நிஷாந்தி. மிலான் போனபிறகு சின்னம்மாவின் மகனைக் கட்டி வந்தவள். அவனைத் தெரியாது.

மூன்று மாதமாக மாமி படுத்த படுக்கை என்றாள். ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாதாம். மிலானைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம், நம்பர் யாரிடமும் இல்லையாம்.

"இன்னைக்கு மத்தியானம் திடீர்னு கண்ண முழிச்சாங்க. நல்லாத் தெளிவாப் பேசினாங்க. கோயில்ல பாட்டுக் கேட்டுச்சு, போய்ப் பாத்துட்டு வந்தேன்னாங்க. நம்ம மிலான் மாதிரியே ஒரு சேர் நிக்கிறாரு, ஆனா அவன் இல்லன்னாங்க. அவன் வந்தா என்னைய எழுப்பு நிஷாந்தின்னாங்க. கண்ண மூடினாங்க. அவ்வளவுதாங்க."

எத்தனை மணிக்கு என்று கேட்டான். இரண்டரை இருக்கும் என்றாள்.

அவர்கள் கைத்தட்டைப் பதிவு செய்யத் தொடங்கியது மூன்று மணிக்குப் பிறகு.

"நீங்க யாருங்க சேர்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். 

"மிலான்."

நிஷாந்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.  கட்டில் பக்கம் குனிந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவளாக, அந்தக் குளிர்ந்த காதருகில் மெதுவாகச் சொன்னாள்.

"மாமி... மிலான் வந்துட்டாரு. எந்திரிங்க."